கோட்டைக்கு முன் பிரியாணி

தீபாவளி லீவுக்குக் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேர் திண்டுக்கல்லில் கூடினோம். திட்டப்படி காலையில் மலைக்கோட்டை, மதியம் பிரியாணி. டீக்கடையிலேயே பதினொன்றரை ஆகிவிட்டதால் திட்டம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது.

இங்கே பிரியாணி என்றால் சீரகச் சம்பாதான். பாஸ்மதி கேட்டால் பக்கத்து மேசைக்காரரே முறைப்பார். 1957-ல் நாகசாமி நாயுடு கடை போட்டார். அவர் தலைப்பாகையே கடைக்குப் பெயரானது. இப்போது ஊரில் தலைப்பாகையைப் போர்டுகளில்தான் பார்க்க முடிகிறது.

அப்புறம் மலை. 1755-ல் ஹைதர் அலி பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்து ஆண்ட கோட்டை. பாதிப் படியில் பாறையோடு பாறையாக உட்கார்ந்துவிட்ட நண்பன் சொன்னான்: "மாப்ள, ஹைதர் அலி ரெண்டு பிளேட் சாப்பிட்டுட்டு ஏறியிருக்க மாட்டார்டா." உச்சியில் சாமி சிலை இல்லாத கோயில். அதன் வாசலில் நாலு பேரும் வயிற்றை உள்ளிழுத்து செல்ஃபி எடுத்தோம்.

இறங்கியதும் அந்த நண்பன் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்காயிற்றே! சாவி என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. கூரியரில் அனுப்பட்டுமா என்றேன். "வேண்டாம்டா, அடுத்த லீவுக்கு வேற என்ன காரணம் சொல்றது வீட்ல?" என்கிறான்.