கல்முனைக்குடியில் சிப்மங்க் வளர்ப்பு: ஒரு பொருளியல் ஆய்வு

1951இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்து இறங்கியது சிப்மங்க் என்னும் பயிற்சி விமானம். ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வது; 145 குதிரைவலு இயந்திரம் கொண்டது. பிரித்தானியாவில் இத்தகைய விமானங்களைத் தனியார் இன்றும் வாங்கிப் பறக்கிறார்கள். கல்முனைக்குடியில் ஒருவர் வாங்கினால் என்ன என்பதை அறிஞர் உலகம் ஏனோ இதுவரை ஆராயவில்லை. பறக்கும்போது அது தின்னும் காசைவிட நிற்கும்போது தின்னும் காசே உரிமையாளரை ஓட்டாண்டியாக்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பறப்புச் செலவு எளிய கணக்கு. சிப்மங்க் மணிக்கு 35 முதல் 40 லீற்றர் குடிக்கும். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டா வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. கார்க் கோட்டாவில் அரை மணி நேரம் பறக்கலாம். மோட்டார் சைக்கிள் கோட்டாவில் ஆறு நிமிடம், அதாவது காரைதீவுவரை போய்வரலாம். (விமானப் பெற்றோல் வேறு வகை என்பதை ஆய்வின் வசதிக்காக மறந்துவிடுகிறோம்.) பறக்காவிட்டால் இந்தச் செலவு இல்லை. ஆனால் நிற்கும் விமானத்துக்கு அப்படி ஒரு விடுமுறை கிடையாது. மாப்பிள்ளைக்கு முதலில் வீடு கொடுக்கும் ஊர் இது; விமானமும் வீடு கேட்டே வரும். இறக்கை 34 அடி, நீளம் 25 அடி: மூன்று பேர்ச்சுக்கு மேல். பத்து பேர்ச் வளவில் மூன்றிலொரு பங்கை மகளுக்குக் கொடுக்காமல் அலுமினியத்துக்குக் கொடுக்க எந்த வாப்பா துணிவார்? கொடுத்தாலும் கடற்காற்றின் உப்பு அந்த அலுமினியத்தை அரிக்கும். இயந்திரமோ தலைகீழானது, சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. சும்மா நின்றால் ஒயில் மெல்லக் கசிந்து அவற்றுக்குள் தேங்கும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளேயுள்ள தண்டு வளையக்கூடும். எனவே முதலில் சுவிட்சை அணைத்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிக்க வேண்டும். ஒரு அடிகூட நகராத வண்டிக்கு இத்தனை பணிவிடை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இறக்கையின் பின்பாதி துணியால் மூடப்பட்டதுதானே, மருதமுனையில் நெய்து வாங்கினால் செலவு குறையாதா என்பது ஒன்று. மருதமுனைச் சாரனின் உறுதியில் எமக்கு ஐயமில்லை; ஆனால் விமானத் துணிக்குத் தரச்சான்று வேண்டும், கட்டம் போட்ட இறக்கைக்கு அதிகாரிகள் கையொப்பம் இடமாட்டார்கள். கடற்கரையிலேயே இறக்கலாமே என்பது மற்றது, சற்று வலுவானது. ஆனால் கரை தோணிகளுக்கும் கரைவலைக்கும் உரியது. வலை இழுப்போரிடம் ஓடுபாதை கேட்பவருக்கு விமானச் செலவைவிட மருத்துவச் செலவு கூடும். மிஞ்சுவன உகணை, மட்டக்களப்பு ஓடுபாதைகள். விமானத்தை அங்கே நிறுத்தினால் வாடகை, காவல், போக்குவரத்து என நிற்கும் செலவு மேலும் ஏறுமே தவிர இறங்காது. கருதுகோள் நிலைபெறுகிறது.

ஆசை அடங்காதவர்கள் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே சிப்மங்க் நிற்கிறது. அதன் ஒயிலை வடிப்பது உங்கள் பொறுப்பில்லை.