கொலுப்படி நேதாஜியின் படை நகர்வு: ஜலகண்டாபுரம் சார்ந்த ஓர் ஆய்வு

நவராத்திரிக் கொலுவில் தெய்வங்களுக்கு எந்தப் படி என்பதில் தகராறு கிடையாது. நேதாஜியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் குடும்பங்கள் பிளவுபடுகின்றன. காந்திக்கும் பாரதிக்கும் பக்கத்தில் என்பார் ஒரு சாரார். உடுப்புப் போட்டவர் ஆகையால் பேண்டு வாத்தியக்காரர்களோடு என்பார் மறு சாரார். இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஆய்வுப் பொருள். பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மை, ஒரு சாண் உயரம். வட்டக் கண்ணாடி, மடிப்புத் தொப்பி, முழங்கால் பூட்ஸ். உடுப்பின் நிறம் பச்சைக்கும் காக்கிக்கும் நடுவே, அன்றைக்குப் பெயின்ட் டப்பாவில் மிஞ்சியது. வலக்கை சல்யூட் அடிக்கிறது. ஓராண்டு வைக்கோலுக்குள் படுத்து எழும்போது முதலில் போவது அந்தக் கைதான். எங்கள் வீட்டுப் பிரதிக்கு ஃபெவிகால் தடவிப் பாவு நூலால் கட்டுப் போட்டிருக்கிறது. தறி ஊரில் மாவுக்கட்டு யார் தேடுவார்?

இவரைத் தளபதி எனலாமா என்று இழுப்போர் உண்டு. 1928 கல்கத்தா காங்கிரஸில், போரே இல்லாதபோது, தொண்டர் படைக்கு ஜெனரல் உடுப்பில் தலைமை தாங்கியவர் அவர். 1943இல் சிங்கப்பூரில் மெய்யான படையே கைக்கு வந்தது. அதில் மலேயாத் தோட்டத் தமிழர் ஏராளம். நம் கொலுவில் இடம் கேட்க இந்தப் பாத்தியதை போதும்.

இனி நகர்வு. கொலு அறைச் சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறி. அது ஓட ஓடப் படி அதிர்கிறது. களிமண் பிள்ளையார் கனம், அசையமாட்டார். நேதாஜி உள்ளே வெறும் கூடு. முதல் நாள் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நின்றவர், சல்யூட்டைக் கலைக்காமல் ஊர்ந்து ஊர்ந்து, ஆயுத பூஜைக்குள் அதே படியிலுள்ள செட்டியார் கடை வாசலுக்கு வந்துவிடுகிறார். அன்று தறிக்குப் பொட்டு வைத்து நிறுத்துவதால் போர்நிறுத்தம்.

கடையைத் தாக்கவா, காக்கவா? இரண்டுமில்லை. 1944 மார்ச்சில் இம்பாலை நோக்கிக் கிளம்பிய ஜப்பானியப் படை கட்டிக்கொண்டு போனது ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாடு. மிச்சத்தை எதிரியின் கிடங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. இம்பால் பிடிபடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கூடப் போன நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பட்டினியாலும் நோயாலும் செத்தவர்களே அதிகம். ஜூலையில் பின்வாங்கினார்கள். அரிசி, துவரை, வெல்லம் எல்லாம் குவித்துத் தராசோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரை விட்டு இனி ஒரு அடி விலகுவாரா, அந்தப் பாடம் படித்த தளபதி? நேதாஜியின் இடம் மளிகைக் கடை வாசலே என நிறுவப்படுகிறது.

முடிவை அம்மாயியிடம் சமர்ப்பித்தேன்.

“அவரு இப்படி மறைச்சுக்கிட்டு நின்னா, வர்றவங்க கண்ணுக்குச் செட்டியாரம்மா எப்படித் தெரியும்? ஓரமா நகத்தி வை.”

தறி நின்றிருந்ததால் கையாலேயே நகர்த்த வேண்டியதாயிற்று.