ஊதலியல்: மூவறிவுயிரின் கலை ரசனை குறித்த ஓர் ஆய்வு

காமிக்ஸைக் கண்ணால் படிக்கிறார்கள், வீடியோ கேமைக் கட்டைவிரலால் ஆடுகிறார்கள் என்பது பாமர நம்பிக்கை. முப்பது ஆண்டுகளாக இரண்டையும் விடாமல் துய்த்துவரும் இக்கட்டுரையாளன் அதை மறுக்கிறான். முன்னது மூக்கின் கலை, பின்னது வாயின் கலை. அதை நிறுவுவதே ஈண்டு நோக்கம்.

மூக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. அந்தக்காலக் காமிக்ஸ் பெரும்பாலும் மட்டமான தாளில் வந்தது. மட்டத் தாளில் லிக்னின் அதிகம். நாள்பட அது சிதையும்போது தாள் பழுக்கிறது, கூடவே வெண்ணிலாவுக்குத் தூரத்து உறவான ஒரு வாசமும் கிளம்புகிறது. இது கற்பனையன்று, ஐஸ்கிரீமில் சேரும் வெண்ணிலினை லிக்னினிலிருந்தே காய்ச்சி எடுப்பவர்கள் உண்டு. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். பழைய பிரதிக்கும் அதே கதிதான். அட்டை போய், முதல் எட்டுப் பக்கம் போய், வில்லன் யாரென்பதும் மறந்துபோய், வாசம் மட்டும் எஞ்சும்.

அற்றேல், இக்கால ஆர்ட் பேப்பர் பதிப்புகள் மணவாவோ எனின், மணக்கும். ஆனால் என்ன மணம்? 1948இல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் நாயகர் டெக்ஸ் வில்லர் கெட்டி அட்டைக்குள் குதிரையில் வருகிறார். பிரித்தால் கல்யாணப் பத்திரிகை வாசம் அடிக்கிறது. புழுதி அடிக்க வேண்டிய இடம் அது. தாளோடு பெயரும் உயர்ந்தது. 1978இல் வில் ஐஸ்னர் தம் புத்தக அட்டையில் ‘கிராபிக் நாவல்’ என்று போட்டுக்கொண்ட பிறகு அந்தப் பெயர் பரவியது. 1992இல் ‘மவுஸ்’ என்ற கிராபிக் நாவல் புலிட்சர் பரிசே வாங்கிவிட்டது. நல்லதுதான். நரைத்த தலையோடு கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் கேட்க ஒரு பெயர் கிடைத்தது. என் வீட்டில் மட்டும் இன்னும் அது பொம்மைப் புத்தகம்தான்.

இனி வாய். 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல்கள் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வந்தன. கூடவே வந்த கேசட்டின் மேல் ‘99999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள் பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் தலைகாட்டும். கேசட்டின் அடியில் 60 செம்பு முனைகள். ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் திரை வெளிறிவிடும், அல்லது கோலமாவு கொட்டியதுபோல் ஆகிவிடும். உடனே கேசட்டை உருவி ஊத வேண்டும்.

ஊதல் மூவகைப்படும். ஒரு மாத்திரை அளவில் ‘ஃபூ’ என்று முடிவது குறில். மாரியோவுக்கு இது போதும். இரண்டு மாத்திரை நெடில், கான்ட்ராவுக்கு உரியது. இரண்டுக்கும் மசியாத கேசட்டுக்கு அளபெடை. இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை மூச்சு அறாமல், கன்னம் உப்ப, நாதஸ்வரக்காரரைப் போல் ஊதுவது. எச்சில் தெறித்தால் அது ஒற்றளபெடை. எவ்வகையாயினும் ஊதும் உரிமை வீட்டில் மூத்த பையனுக்கே. பக்கத்து வீட்டுப் பையன் ஊதி மாரியோ ஓடிவிட்டால் அன்று நட்பு முறியும்.

ஊதுவதால் யாதொரு பயனும் இல்லை என்பார் அறிவியலார். என்னை? மூச்சின் ஈரம் செம்பை அரிக்கும். ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. கேசட்டை உருவித் திரும்பச் செருகும்போது முனைகள் புதிதாகப் பொருந்துகின்றன, அதனால்தான் ஆட்டம் ஓடுகிறது. அப்படியாயின் ஊதாமலே செருகலாமே எனின், செருகலாம். ஆனால் ஓடியது யாரால் என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட முடியாதே.

இதுவரை கண்டவற்றால் நம் ரசிகன் மெய், வாய், மூக்கு என்ற மூன்றையே பயன்படுத்துகிறான் என்பது பெறப்படும். தொல்காப்பிய மரபியல் இவ்வகை உயிரை மூவறிவுயிர் என்று வகுத்து, சிதலையும் எறும்பையும் அதில் வைக்கிறது. கண் இருக்கிறதே என்று வாதிடுவோர், இவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை முகத்தோடு அப்பிக்கொள்வதைப் பார்த்ததில்லை.

சிதல் என்பது கறையான். அதன் ரசனைக்கு என்னிடம் சான்று உண்டு. சென்ற மழைக்காலம் முடிந்து பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். வழவழப்பான புதுப் பதிப்புகளை அவை தொடவில்லை. பழைய மட்டத் தாள் இதழ்களை மட்டும் தேர்ந்து, மாயாவியை இரும்புக்கை உட்பட முடித்திருந்தன. என்னைவிட நல்ல விமர்சகர்கள். அருகில் கிடந்த கேசட்டை ஊதிப் போட்டேன், ஓடியது.

‘இரும்புக்கை மாயாவி’ முதல் இதழை உபரியாக வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். முகர்ந்து பார்த்த பிறகே விலை பேசப்படும்.