சாறு குடிச்சா தப்பலாமா?

பூச்சிமருந்து இதயத்தைக் கெடுக்குமாம், மாதுளைச் சாறு காப்பாற்றுமாம். தாமான் கன்னாட் இரவுச் சந்தையில் தினம் ஒரு கிளாஸ் குடிக்கட்டுமா?
– வாசகர், செராஸ்

தினமா? அந்தச் சந்தை புதன்கிழமை மட்டும்தானே!
சாறு காப்பாற்றியதாகச் சொல்வது எலியின் இதயத்தை. அதுவும் விஷத்தையும் சாற்றையும் அளந்து கொடுத்த ஆய்வுக்கூடத்தில். சந்தைக்காரர் அளப்பது சீனியை மட்டும்.

அப்படியானால் செடிகொடியில் மாற்றுமருந்தே கிடையாதா?

ஏன் இல்லை? ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் விஷம் ஏறி, நாடி தளர்ந்து, நெஞ்சில் சளி நிரம்பும்போது மருத்துவர் போடும் ஊசி அட்ரோபின். அது இருப்பது பெல்லடோனாவில், நம்ம ஊமத்தையிலும்தான். அதற்காக ஊமத்தங்காயைக் கடித்துவிடாதீர்கள், அப்புறம் உங்களுக்கே ஒரு மாற்றுமருந்து தேட வேண்டிவரும்!

விஷத்தைப் போய் 'மருந்து' என்கிறோமே, ஏன்?

அடிக்கப் போனவர் பயப்படாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன்.
எஸ்டேட்டில் 'மருந்தடிக்க' முதுகில் தொட்டியோடு போனவர்களில் நம் அம்மாக்கள் ஏராளம். அவர்கள் அடித்த பேராகுவாட் களைக்கொல்லிக்கு இன்றுவரை மாற்றுமருந்து இல்லை. 2002-இல் அதைக் கைவிடுவோம் என்றது மலேசியா. 2006-இல் மனம் மாறியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். பதினெட்டு வருஷம்! அதுவரை அம்மாவுக்கு முகமூடி, தோளில் கிடந்த துண்டுதான். மாதுளைச் சாறு யாரும் நீட்டவில்லை.

கடைசியாக, பழத்தை எப்படித்தான் சாப்பிடுவது?

ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி. எலிக்குப் பங்கு வேண்டாம், அதுதான் ஏற்கெனவே குடித்துவிட்டதே.