வாற்கடி இயல்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனுக்குக் கிடைத்த ஆராய்ச்சி யோகம், அதே வாவிக்கரையில் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுழலும் நாய்க்கு வாய்க்கவில்லை. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1848-இல் இரவில் வள்ளமேறிப் போய் அந்த ஒலியைக் கேட்டு, 1859-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துவைத்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதை நீரரமகளிரின் இசையாக்கிப் பாடினார். 1954-இல் அருட்தந்தை லாங் ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை நாடு முழுவதற்கும் ஒலிபரப்பியது. நாயின் நிலையோ பரிதாபம். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியை எப்பெயரால் அழைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதோடு நின்றுகொண்டது. பழமொழிக்காரர் வாலை நிமிர்த்தும் முயற்சியிலேயே பரம்பரை பரம்பரையாகக் காலத்தைச் செலவிட்டனர். கடிக்கப்படும் வாலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இடைவெளி இருந்தது என்பதற்குச் சான்று: அதை நிரப்ப இக்கட்டுரை எழுதப்பட்டமை.)

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். பிறர் வாலைக் கடித்தல் இவ்வியலில் சேராது. அது அரசியல் துறைக்குரியது. காது சொறிதல்: பொருந்தாது. எஞ்சுவது தன் வாலைத் தானே கடித்தல். இதைப் பற்றி இங்கே நிறுவப்படும் கருத்து ஒன்றே: வாற்கடி வாலின் நோய் அன்று. நோய் வேறெங்கோ இருக்கிறது, வாலில் தெரிகிறது. முதற் சான்று தெள்ளு. தெள்ளுக்கடி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். தெள்ளின் உமிழ்நீரால் எழும் தினவு பல நாள் நீடிக்கும். அந்தத் தினவு பெரும்பாலும் முதுகின் கடைப்பகுதியிலும் வாலடியிலும்தான் கூடுகட்டும். பல் எட்டும் இடமும் அதுவே. ஆகவே நாய் வாலைக் கடிக்கிறது, கடித்த இடம் புண்ணாகிறது, புண் மேலும் தினவெடுக்கிறது, நாய் மேலும் கடிக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கும் வராத நடைமுறை உயிரியலுக்கு வேண்டுமானால் புதிதாயிருக்கலாம், ஆய்விதழ் வாசகருக்குப் புதிதன்று.

‘எங்கள் நாயில் தெள்ளே இல்லை, தேடிப் பார்த்துவிட்டோம்’ என்பது முதல் மறுப்பு. கண்ணில் படாமை இன்மைக்குச் சான்றாகாது. கடித்துச் சொறியும் நாய் அந்தச் சான்றைத் தானே விழுங்கிவிடுகிறது. வாலடி மயிரைப் பேன்சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை நனைந்த வெள்ளைத் தாளில் தட்டுக. துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது மண்ணன்று, தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். இனி, நாயில் இருக்கும் தெள்ளு முழுக் குடும்பத்தில் நூற்றில் ஐந்தளவே. மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்குமிடத்தில் கிடக்கும். கச்சான் காற்று வீசி வளவின் வெளிமணல் காய்ந்து பொரிந்தாலும், கிடுகு வேலியோரத்து நிழல் ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. புழுவுக்கு வேண்டியது அந்த நிழலே. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு அதே சாக்கில் படுக்கவிடுவது எதிரியின் முகாமுக்கே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பயனுள்ள கட்டுரையாகிவிடும். ஆய்வுக்கு அது அழகன்று. எனவே அடிப்படைக் கேள்விக்கு வருவோம்: நாய் எத்திசை நோக்கி நின்று வாலைக் கடிக்கிறது? திசையைக் கேலி செய்வோர் இத்துறையின் வரலாறு அறியாதவர். தெரிந்தவரைக் கண்டால் நாயின் வால் வலப்பக்கமும், அறியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கமும் கூடுதலாக ஆடுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்து 2007-இல் நிறுவினர். புவிக் காந்தப்புலம் அமைதியாயிருக்கும் வேளையில் நாய்கள் வடக்குத் தெற்காக நின்றே மலங்கழிக்க விரும்புகின்றன என்று 2013-இல் செக், ஜேர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களைப் பின்தொடர்ந்து அறிவித்து, அடுத்த ஆண்டே இக் நோபல் பரிசும் வாங்கினர். வடக்கும் தெற்கும் மேனாட்டாருக்குப் போய்விட்ட நிலையில் நமக்கு எஞ்சியிருப்பவை கிழக்கும் மேற்கும். அவையோ நம்மிடம் ஊர்ப் பெயராகவே இருக்கின்றன. எழுவான்கரை நாய் எழுஞாயிறு நோக்கி நின்றால் அதன் வால் வாவிப் பக்கம். படுவான்கரை நாய் படுஞாயிறு நோக்கி நின்றாலும் அதன் வால் வாவிப் பக்கமே. சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இரு கரை நாய்களின் வால்களும் ஒரே நீரை நோக்கியிருப்பது தற்செயலாகுமா? வாவியே வாலிடத்தது என்பது பெறப்பட்டது (காண்க: இப்பத்தி, மேலே). வாவியிலோ மீன் பாடுகிறது. பாட்டு முதலில் எட்டுவது வாலுக்கு. இசை பிடிக்காத நாய் அதைக் கேட்கும் உறுப்பைக் கடிக்கிறது (காண்க: இக்கட்டுரையாசிரியர் இனி எழுதவிருக்கும் விரிவான நூல், அதன் மூன்றாம் பதிப்பின் முன்னுரை, அம்முன்னுரைக்கு ஆதாரம் இக்கட்டுரை). பூரணை இரவில் மீன்பாட்டு நன்றாகக் கேட்கும் என்பது ஊர்வழக்கு. அன்றைக்கு நாய் கூடுதலாகக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லையெனில் அந்த நாய் இசை தெரிந்தது. இரண்டு முடிவும் நம் கொள்கையையே தாங்குகின்றன. தோற்கவே முடியாத கொள்கையை ஆக்குவதன்றோ பேராசிரியர்க்கு அழகு.

புளியந்தீவு நாய்க்கு நாலாபுறமும் வாவியாயிற்றே என்று சிலர் மடக்குவர். மடங்குவது அவர்களே. சுற்றிலும் நீர் இருப்பதால்தான் அது எப்பக்கமும் நிற்க மாட்டாமல் வாலைத் துரத்திச் சுழல்கிறது. இன்னும் கடினமான மறுப்பு மலைநாட்டிலிருந்து வரும்: வாவியே இல்லாத பேராதனையில், மிருக வைத்திய பீடத்தின் வாசலிலும், நாய் வாலைக் கடிக்கிறதே? மகாவலி பேராதனையைத் தழுவிப் போய்க் கடைசியில் கலப்பது கிழக்குக் கரையின் கொட்டியாரக் குடாவில். ஆகவே பேராதனை நாயும் நீரோட்ட முறையால் கிழக்கு மாகாண நாயே. இத்தகைய விடைக்கு மேல் கேள்வி கேட்பவர் ஆய்வுக்குழுவில் நெடுநாள் இருக்க மாட்டார்.

இத்தனை வாதத்துக்கும் நடுவே கடித்துக்கொண்டிருக்கும் நாயை ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். தெள்ளில்லை என்று உறுதியானால் அடுத்துக் குதத்தைப் பார்க்க வேண்டும். கடிகார முகத்தில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடங்களில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் நாய் பின்புறத்தை நிலத்தில் தேய்க்கும், வாலடியைக் கடிக்கும். சாப்பாடு ஒவ்வாமையும் காரணமாகலாம். அதைக் கண்டறிய, முன்பு தின்றிராத ஓர் இறைச்சியை மட்டும் எட்டுக் கிழமையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் மிச்சச் சோறும் மீன் ஆணமும் ஊட்டிவிடும் ஆச்சி இருக்கும் வீட்டில் இச்சோதனை நடவாது. இனி மனம். 2012-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் வாலைத் துரத்தும் நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் வினாக்கொத்து நிரப்பி வாங்கினர். தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்ட நாய்களிடம் இப்பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் காவல்நாய்க்கு வாலைவிட்டால் வேறு பொழுதில்லை. அதற்கு மருந்து இரண்டு வேளை நடத்திக் கூட்டிப்போவதே. ‘நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை’ என்று சொன்னவர் நாயைக் கட்டி வைத்துப் பார்த்தவர் அல்லர்.

வாவியின் உப்புத் தண்ணீரில் முக்கினால் தெள்ளு செத்துப்போகும் என்பாரும் உளர். வாவி நீர் எப்போதும் ஒரே உப்பில் இருப்பதில்லை, மாரி வெள்ளம் இறங்கும் காலத்தில் நன்னீராகிவிடும். எந்த உப்பானாலும் வளவில் கிடக்கும் முட்டையை அது தொடப்போவதில்லை. ஈரம் காயாத மயிருக்கடியில் புண் மேலும் அழுகும். மண்ணெண்ணெய் பூசுவோருக்கு விடை சொல்லத் தேவையில்லை; நாய் நக்கும், தோல் வேகும், விடை அதுவே. செய்ய வேண்டியவை ஆய்வுக்குரிய பெருமை இல்லாத வேலைகள்: மிருக வைத்தியர் தரும் தெள்ளு மருந்தை மாதந்தோறும் தவறாமல் கொடுத்தல், சாக்கைச் சுடுநீரில் அலம்பி வெயிலில் போடுதல், வேலியோரத்தைக் கூட்டிச் சருகை எரித்தல், புண் ஆறும்வரை கழுத்தில் கூம்புப்பட்டை மாட்டுதல். எலிசபெத் அரசி காலத்துக் கழுத்தணியின் பெயரால் வழங்கும் அக்கூம்புடன் நாய் கடைத்தெருவில் போனால் அரசவை உலா வருவதுபோலத் தோன்றும். கழற்றிவிடு என்று அயலார் சொல்வர், கேட்கக் கூடாது.

கடைசியாக ஒரு மறைந்த குற்றவாளி. நாயில் மிகுதியாகக் காணப்படும் தெள்ளு உண்மையில் பூனைத் தெள்ளு இனத்தது. ஆகவே மதிலில் படுத்து இந்த ஆய்வு முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் பூனைக்கும் மருந்து வேண்டும். ஆனால் நாய் மருந்தையே பூனைக்குப் போடலாகாது. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கெனத் தனி மருந்து உண்டு. அதைப் போட இருவர் வேண்டும், ஒருவரிடம் தடித்த துவாய் இருக்க வேண்டும்.