நாலு றெக்கைக் காளை

வாய்யா பேராண்டி! அரை லட்சத்துக்கு ட்ரோன் வாங்குன கையோட மொட்டை மாடிக்கு ஏறிட்டேண்டு அப்பத்தா சொன்னா. ஏத்திவிடு. எறங்குற சோலிய அதுவே பாத்துக்கிரும், ஒரே சத்தத்துல.

நான் மூணாங்கிளாசு, எனக்கென்ன தெரியும்? நீ தூக்கிப்போட்ட பொஸ்தகத்த உன் தங்கச்சி வாசிச்சா. திண்ணையில சும்மாதானே கெடக்கோம்ண்டு காதக் குடுத்தேன்.

கன்னு வாங்குன அன்னைக்கே எவனாச்சும் அலங்காநல்லூர் வாடியில அவுப்பானா? மண்ணு குத்தவிட்டு, நீச்சலடிக்கவிட்டு, பைய பழக்குவாய்ங்க. மாட்டு டாக்டரு பாத்தபெறகுதான் வாடிக்குள்ளயே விடுவாய்ங்க. உன் காளைக்கு டாக்டரு நீதான்.

மொதல்ல பேட்டரி. முழுசா சார்ஜ் ஏத்து. வயிறு உப்புன கன்னு மாதிரி லேசாப் பொடச்சிருந்தாலும் தொடாத. சித்திர வெயில்ல காருக்குள்ள போட்டுட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போனேண்டு வையி, தீபாவளி முன்னாடியே வந்துரும்.

றெக்க நாலும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வலமாச் சுத்தும், ரெண்டு எடமாச் சுத்தும். அடையாளம் பாத்து மாட்டு. மாத்தி மாட்டுனா ஏந்திரிக்காது. பந்தியில தின்ன மாமன் மாதிரி மல்லாந்துரும்.

அடுத்து எடம். டிராக்டரு மேல வச்சுக் கெளப்பாத. இரும்பக் கண்டா அதோட தெசைகாட்டி கிறுக்குப் பிடிச்சு அலையும். வெள்ளனா, காத்து ஏறுறதுக்குள்ள வத்துன கம்மாய்க்குப் போ. ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம். உன் கால் கிலோ எம்மாத்திரம்?

ஜிபிஎஸ் பிடிச்சு, கெளம்புன எடம் பதிஞ்சபெறகு விடு. அதுதான் மூக்கணாங்கயிறு. சிக்னல் அறுந்தா அந்த எடத்துக்குத்தான் திரும்பி வரும். வர்ற ஒசரத்தத் தென்னைக்கும் கரண்டுக் கம்பிக்கும் மேல வையி. இல்லைண்டா தேங்கா பறிக்கிறவருக்குத்தான் படம் எடுத்த கூலி.

மொத நாளு தலைக்கு மேல ரெண்டு மொழம் போதும். ஒரு நிமிசம் அசையாம நிக்குதாண்டு பாரு. அதோட முதுகு உன் பக்கமே இருக்கட்டும். மூஞ்சி திரும்புச்சுண்டா உன் வலது அதுக்கு எடது. குச்சிய அங்குட்டுத் தள்ளுனா அது இங்குட்டு வந்து உன் மீசையச் செரைக்கும்.

அவனியாபுரம் பக்கம் போயிராத, ஏரோப்ளேன் எறங்குற தடம். மீனாச்சி கோயில் தெக்குக் கோபுரம் 170 அடி. துப்பாக்கிப் போலீசு காக்குற எடம். அண்ணாந்து பாத்துக் கும்பிட்டாப் போதும். அழகர் ஆத்துல எறங்கையில சனத்தோட தலைக்கு மேல விடணும்ண்டும் நெனைக்காத. 2021-ல சட்டம் போட்டிருக்காய்ங்க. கவர்மெண்டோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பச்சையா இருக்குற எடத்துல 400 அடி வரைக்கும்தான். மீறுனா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். காளை அரை லட்சம், கயிறு ஒரு லட்சம்!

என்ன, ஆன் பண்ணுனா கேமரா கர்கர்ங்குதா? படம் ஆடலையா? கம்பெனிக்காரன வையாத. கன்னுக்கு வாய்ப்பூட்டு மாட்டுன மாதிரி கேமரா மூஞ்சியில ஒரு பிளாஸ்டிக்கு மூடி இருக்கு பாரு. அதக் கழட்டு மொதல்ல.

பொஸ்தகத்துல மொதப் பக்கமே அதுதான்டா.