ஈசானிய மூலையில் ஒரு மாடிப்படி

நண்பரின் புது வீட்டில் மாடிப்படி ஈசானிய மூலையில் எழும்பிவிட்டது. வாஸ்துக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சென்ட்ரிங் பிரிச்சாச்சு சார், இனி உடைச்சா பீமும் சேர்ந்து போயிடும்" என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பரிகாரமாக ஒரு பிரமிடு தகடு வந்தது, விலையைக் கேட்காதீர்கள். லாபம், நஷ்டம் என்று படிகளை எண்ணினால் கடைசிப் படி லாபம். வீடே பெருமூச்சு விட்டது.

படியின் உயரம், வீடுகளில், 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இங்கே முதல் படி 8 அங்குலம், கடைசிப் படி 6. அதைப் பற்றி எந்த மூலைக்கும் கவலையில்லை. திருப்பத்தில் பீம் சரியாக நெற்றிக்கு நேரே நிற்கிறது.

"இதுக்கு என்ன பரிகாரம்?"

"குனிஞ்சு போங்க சார், பழகிடும்."